மூன்றாம் தொட்டியின் பசி

செம்பாற்றுப் பாலம் உடைந்த ஒன்பதாம் நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, ஈஸ்ட் கம்பெனியின் மூன்றாம் தொட்டியில் இருந்தவள் தொட்டியை விட்டு இறங்கி, வெள்ளை நூலாக நீண்டு, கம்பெனி கேட்டுக்கு அடியில் நுழைந்து, மணக்கரைப்பட்டிக் கடைத்தெருவுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். டீக்கடைக்காரர் மட்டும் தன் பெஞ்சைச் சற்றுத் தள்ளிப் போட்டார், அவள் வருகிற வழியில் பெஞ்சின் கால் இருந்தது.

அவள் என்று சொல்வது கம்பெனிக்காரர்களின் பழக்கம். தொட்டிக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக் கூப்பிட முடியாது, அதனால் மொத்தத்துக்கும் சேர்த்துப் பெரியவள் என்று பேர். சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கழிவுப்பாகைக் குடித்து அவள் பெருகுவாள். அவளைப் பிழிந்து, கட்டி கட்டியாக வெட்டி, தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கி அனுப்பினால் நான்கு மாவட்டத்து பேக்கரிகளில் பன் உப்பும். ஆனால் பாகு மட்டும் அவளுக்குப் போதாது, உப்பும் வேண்டும்; சோற்றில் போடுகிற உப்பு இல்லை, மூக்கை அறுக்கிற நெடியுள்ள அமோனியா உப்பு, அக்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக லாரியில் பாலம் கடந்து வருவது. பாகு அவளுக்கு ஓடியாடத் தெம்பு, உப்பிலிருக்கும் நைட்ரஜன்தான் அவளுக்கு உடம்பு, உடம்பு இல்லாமல் வெறும் தெம்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று குருவம்மாள் கேட்பாள். மூன்றாம் தொட்டிக்குப் பத்தொன்பது வருடமாக வேளை தவறாமல் பாகும் உப்பும் ஊட்டி வருபவள் அவள்தான்.

எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் ஆறு, ஒரு பக்கம் மலை. ஆலை இக்கரையில் இருந்ததால் பாகுக்குக் குறைவில்லை, பாலம் போன ஐந்தாம் நாளே உப்பு தீர்ந்தது. முதல் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் நுரை அடங்கி அப்படியே கிடந்துவிட்டன, மூன்றாம் தொட்டிக்காரி மட்டும் கிடக்கவில்லை. வயிறு நிறைந்த காலத்தில் அவளுக்குள் தாயிலிருந்து அரும்புகிற மகள் கொஞ்சம் வளர்ந்ததும் தனியே பிரிந்து போய்விடுவாள். பசி வந்ததும் எந்த மகளும் தாயின் கையை விடவில்லை, மகளின் மகளும் விடவில்லை, அவள் மகளும் விடவில்லை, இப்படி ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, உடம்பைச் சோற்றரிசிபோல் நீட்டிக்கொண்டு, முன்னால் போகிறவள் எங்கே போகிறாளோ அங்கே எல்லோருமாகக் கிளம்பிவிட்டார்கள்.

மணக்கரைப்பட்டியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நாங்கள் செய்த காரியம் யாருக்கும் புரியாது. எங்கள் ஊரில் மறுசோறு வாங்காமல் யாரும் இலையை மடக்க முடியாது. வழி கேட்க வந்தவன், வாய்த்தகராறுக்கு வந்தவன், பெண் பார்க்க வந்து பிடிக்கவில்லை என்று சொல்லக் காத்திருப்பவன், யாராக இருந்தாலும் இரண்டாம் முறை சோறு விழுந்தாக வேண்டும்; விழாவிட்டால் அந்த வீட்டுக்காரி ஒரு வாரம் வெளியில் தலை காட்டமாட்டாள். அதிலும் குருவம்மாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்களின் கதி பரிதாபம்தான். இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு குனிந்து கிடந்தாலும், அவள் முதுகுப் பக்கமாக வந்து தோளுக்கு மேலாக ஒரு கரண்டி போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் ரசச்சட்டியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் தன் புருஷனுக்கு அளந்து ஊற்றுகிற பிழைப்பு வந்து வாய்த்தது. சடையாண்டி ஒரு காலத்தில் கரும்பு லோடு ஏற்றியவர், கட்டுமஸ்தான ஆள். ஐம்பதாவது வயதில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை மிஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் அடுத்த மூன்று நாள் அவருக்கு மூச்சு சீராக ஓடும். இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது, அந்த மூன்று டம்ளரையும் குருவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுப்பாள்.

பாலம் போனதும் வெள்ளி போனது, செவ்வாய் போனது, மறு வெள்ளியும் போனது. ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது, பரிசல்காரர் துடுப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சடையாண்டியின் கால் வீங்கியது, முகம் வீங்கியது, அவர் வாயைத் திறந்தால் மூத்திர வாடை வீசியது. அவர் தங்கை பவுனுத்தாய், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், காலையும் மாலையும் ஆற்றங்கரையில் நின்று ஆற்றை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தாள். எந்த வெள்ளம் திட்டுக்கு வடிந்திருக்கிறது?

கடைத்தெருவுக்கு வந்த பெரியவள் அன்று முதலில் போனது பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கும் கட்டணமில்லாக் கழிப்பிடத்துக்கு. அந்தப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடந்த மனிதர் எங்கள் ஊரில் இல்லை. அவள் அதன் சுவரெல்லாம் ஏறி, தரையெல்லாம் படர்ந்து, மாலைக்குள் அங்கே நாற்றம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் குடித்துவிட்டாள். பிறகு மாட்டுத் தொழுவங்களுக்குப் போனாள், பள்ளிக்கூடத்து மதில் மூலைக்குப் போனாள், சாக்கடை ஓரமாக ஊர் முழுவதும் போனாள். மறுநாள் பஞ்சாயத்தில் ஒரு மனதாக முடிவெடுத்தோம்: அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், மிதிக்கக் கூடாது, சைக்கிள்காரர்கள் இறங்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டும், யாரும் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது, ஆண்பிள்ளைகள் இனி கண்ட இடத்தில் ஒதுங்காமல் அவளுக்கு வசதியான இடமாகப் பார்த்து ஒதுங்க வேண்டும். சுதந்திரம் வாங்கியதிலிருந்து சுவரில் எழுதி எழுதிச் சாதிக்க முடியாததை அவள் இரண்டே நாளில் சாதித்துவிட்டாள்.

பத்தாம் நாள் மதியம் அவள் குருவம்மாள் வீட்டுப் படியேறினாள்.

சடையாண்டி கட்டிலில் கண் சொருகிக் கிடந்தார். நூலின் நுனி கட்டில் காலைச் சுற்றி ஏறி, போர்வைமேல் தயங்கி, இடது கைக்கு வந்து, புடைத்த நரம்பின் மேல் ஊசித் தழும்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் வாயை வைத்தது. குருவம்மாள் விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் பத்து நாளாகத் தூங்காத மனிதர் குறட்டை விட்டார். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபோது வீக்கம் பாதி வடிந்திருந்தது. வாய் வாடை போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார், பதிமூன்றாம் நாள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே வாசல்வரை நடந்து வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். பவுனுத்தாய் தெருவில் நின்று, "எங்கண்ணனுக்கு எங்க ஆத்தா மறுபடியும் வந்து பொறந்திருக்காடி!" என்று கூவினாள். பதினைந்தாம் நாள் ஆறு கொஞ்சம் இறங்கியபோது பரிசல்காரர், ஆளை ஏற்றும் அளவுக்கு இறங்கவில்லை என்று சொல்லி, அவர் ரத்தத்தை மட்டும் ஒரு குப்பியில் கொண்டுபோனார். திரும்பி வந்த ரிப்போர்ட்டில் யூரியா இருபது வயதுப் பையனுக்கு இருப்பதுபோல் இருந்தது, கீழே டாக்டர் கையெழுத்தில், "இது அந்த சடையாண்டியின் ரத்தம்தானா?" என்று ஒரு கேள்வி இருந்தது. பதினேழாம் நாள் மறுபடி மலையில் கொட்டிய மழையில் பரிசலும் போனது, ஆறு முன்னைவிட அகலமாயிற்று.

கம்பெனி மேனேஜர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். இக்கரையில் இருந்த ஒரே அதிகாரி ஆய்வுக்கூடத்து எஸ்தர், முப்பது வயது, சிரிக்கத் தெரியாத பெண் என்று பேரெடுத்தவள். அவள் பூதக்கண்ணாடியும் குப்பிகளுமாகக் குருவம்மாள் வீட்டுக்கு வந்து, நூலைப் பார்த்து, சடையாண்டியின் கையைப் பார்த்து, கொடுத்த காப்பியைக் குடித்து, மறு காப்பியையும் வேறு வழியில்லாமல் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இவ ஒவ்வொரு உயிருக்குள்ளயும் நடுவுல ஒரு அறை இருக்கு. எதை எப்படிச் செய்யணும்னு எழுதி வச்சதெல்லாம் அங்கதான். மரபணுன்னு சொல்றோம்ல, அதுதான். உப்பு தாராளமா கெடைக்கிறப்ப அதுல ரொம்பத்தைப் பூட்டியே வச்சிருப்பா. நல்ல சாப்பாடு இருக்கும்போது கண்ட கழிவையும் திங்க எதுக்கு மெனக்கெடணும்?"

"யாரு பூட்டுறது?" என்றாள் குருவம்மாள்.

"சாவிக்காரன் ஒருத்தன் இருக்கான். உப்பு இருக்குறவரைக்கும் ஒரு காவக்காரன் அவன் கையைப் பிடிச்சு அறைக்கு வெளியவே உக்கார வச்சிருப்பான். உப்பு தீந்துச்சுன்னா பிடி தளந்துரும். சாவிக்காரன் உள்ள போயி ஒண்ணு விடாம எல்லாக் கதவையும் தொறந்துருவான். யூரியாவைத் திங்கிற கதவும் அதுல ஒண்ணு. அண்ணன் ரத்தத்துல தேங்கி நிக்கிறது அந்த யூரியாதான்."

"அப்ப உப்பு வந்துருச்சுன்னா?"

"சாவிக்காரன் வெளிய வந்துருவான். அரை மணி நேரம்கூட ஆகாது. எல்லாம் பூட்டு." எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாலம் வந்து அண்ணன் மிஷினுக்குப் போறவரைக்கும் இவளுக்கு நல்லது எதையும் காட்டாதீங்க. பாகு மட்டும் ஊத்துங்க. பாகு இருந்தா சாகமாட்டா. பாகும் இல்லாமப் போச்சுன்னாதான், நாலு விதையா ஓட்டுக்குள்ள சுருண்டு படுத்துருவா, அப்புறம் எழுப்ப முடியாது. பாகு இருக்கு. அதனால பயமில்லை. அரைப்பசியிலயே இருக்கட்டும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்களில் முன்வரிசைக்காரர்கள் முழுவதையும் கேட்டார்கள், பின்வரிசைக்காரர்கள் பாதியைக் கேட்டார்கள், தெருவில் நின்றவர்களுக்குச் சுருண்டு படுத்துவிடுவாள், எழுப்ப முடியாது என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதன்மேல் பழி போட நான் விரும்பவில்லை. முழுவதும் கேட்டவர்களும்தான் பின்னால் வந்தார்கள்.

இருபதாம் நாள் அவள் அழ ஆரம்பித்தாள்.

சத்தம் மூன்றாம் தொட்டியிலிருந்து வந்தது, நூல் வழியாக ஊர் முழுவதும் வந்தது. பால் குடிக்காத பிள்ளை தொண்டை வறண்டு, அழவும் தெம்பில்லாமல் இழுத்து இழுத்து முனகுமே, அந்தச் சத்தம். டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் கேட்டது, பள்ளிக்கூடத்தில் கேட்டது, அடுப்பில் உலை கொதிக்கும்போது கேட்டது, தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தால் சரியாக முதல் கவளத்துக்குக் கேட்டது. மற்ற ஊர்க்காரர்கள் என்றால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், ஊரில் சோறு வடித்து வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தோம், யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. நமக்கு ஊழியம் பார்க்கிற ஒருத்தியை, ஒரு மனிதனுக்கு உயிர்ப்பிச்சை போட்டவளை, நாற்றத்தை எல்லாம் குடித்து ஊரைச் சுத்தம் செய்தவளை, பட்டினி போட்டுக்கொண்டு நாம் சாப்பிடுகிறோமே என்று பெண்கள் குழாயடியில் பேசினார்கள்.

"மதினி, ஒரே ஒரு கை," என்று பவுனுத்தாய் குருவம்மாளிடம் கெஞ்சினாள். "கேக்கச் சகிக்கல மதினி. எங்கண்ணனைக் காப்பாத்துனவ வகுறு ஒட்டிக் கெடக்குறா. அவ செத்துப் போனா அண்ணனுக்கு யாரு?"

"மேடம் சொன்னது உனக்குத் தெரியாதா?"

"படிச்ச புள்ள ஆயிரஞ்சொல்லும். பெத்தவளுக்குத் தெரியாதா பசின்னா என்னன்னு?"

"பவுனு, என் கையால பத்தொன்பது வருசம் ஊட்டுனவடி நானு. எனக்கு மட்டும் கல்லு மனசா? போயிரு. திரும்ப இந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு வராத."

பவுனுத்தாய் போனாள். ஆனால் திரும்பிப் போன அவள் முகத்தைப் பார்த்த எங்களுக்கு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் ஒருவர்கூடத் தடுக்கவில்லை, தடுக்கிற எண்ணமே எங்களுக்கு வரவில்லை என்பதை இன்றைக்கு எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, குருவம்மாள் காலை ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்த நேரத்தில், நாங்கள் மூன்றாம் தொட்டிக்குப் படையல் கொண்டுபோனோம். காவலாளியும் எங்கள் ஊர்க்காரர்தான், கேட்டைத் திறந்துவிட்டதோடு தன் வீட்டுத் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். எஸ்தர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடி வந்து ஏணிப்படியை மறித்துக்கொண்டு நின்றாள், கத்தினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். நாங்கள் அவளை மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறினோம். அவித்த முட்டை போட்டோம், துவரம்பருப்பு போட்டோம், பால் ஊற்றினோம், கருவாட்டுக் குழம்பு ஊற்றினோம். எல்லாம் நுரைக்கு மேலே மிதந்தன. அவள் எதையும் தொடவில்லை, அழுகையும் நிற்கவில்லை, முட்டைகள் அந்த அழுகையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பவுனுத்தாய் தலைச்சுமையோடு வந்தாள். வெட்டிய கட்டையில் மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்புக்குப் போட வேண்டும் என்று பரணில் மறந்து வைத்திருந்த அரை மூட்டை அமோனியா உரம், பெரியவளுக்குப் போடும் அதே உப்பு. ஏணியில் தனியாக ஏறி, தொட்டியின் விளிம்பில் மூட்டையைச் சாய்த்து, வாயைப் பிரித்து, "சாப்புடு ஆத்தா, வகுறாரச் சாப்புடு," என்று கொட்டினாள். கொட்டி முடித்துவிட்டு, பையின் அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டி மறுபடி ஒரு முறை கொட்டினாள். மறுசோறு.

அழுகை நின்றது. அந்த அமைதி எங்கள் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. பெண்கள் குலவை போட்டார்கள். தொட்டிக்குள் நுரை மெல்ல எழும்பி, பழைய நாட்களைப்போல் குப்பென்று புளிப்பு மணம் வீசியது. நாங்கள் அங்கேயே உட்கார்ந்து கொண்டுபோனதில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டோம், மூன்று நாளுக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கியது.

குருவம்மாள் அப்போது வீட்டில் சடையாண்டிக்கு இரண்டாம் டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தாள். அழுகை நின்றது அவளுக்கும் கேட்டது. ஏன் நின்றது என்று யோசிக்கும் முன்னால் ஒரு வாடை வந்தது. முதலில் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து வந்தது, பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து, பிறகு எதிர்வீட்டுத் தொழுவத்திலிருந்து. இரண்டு வாரமாக ஊரைவிட்டுப் போயிருந்த மூத்திர நாற்றம் ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வீடாக அவள் வாசலை நோக்கி நடந்து வந்தது. கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள். கையிலிருந்த நூல், நன்றாக உண்டு முடித்த பிள்ளை காம்பை விடுவதுபோல், தானாக வாயை விட்டு, தொய்ந்து, தரையில் விழுந்தது.

அவள் கம்பெனிக்கு ஓடி வந்தாள். வழியில் எதிர்ப்பட்ட நாங்கள் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினோம். பவுனுத்தாய், "மதினி, நல்லாச் சாப்புட்டா மதினி," என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, நாற்றத்தை முகர்ந்து, அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். குருவம்மாள் அவளைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை.

"மேடம், தொறக்க வழி இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

எஸ்தரின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. "தொட்டி முழுக்க உப்புக்கா. இதை ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு வாளி மட்டும் எடுங்க. அடியில படியவிட்டு, மேல் தண்ணியை ஊத்திருங்க. நல்ல தண்ணி விட்டு மறுபடி படியவிடுங்க. மூணு தடவை. உப்பு வாசமே இருக்கக் கூடாது. அப்புறம் வெறும் பாகுத் தண்ணி."

"எப்ப தொறப்பா?"

"உள்ள கொஞ்சம் சேத்து வச்சிருப்பா. அது தீரணும். நாளைக்கா, மறுநாளா, தெரியலக்கா. எனக்கு நெசமாவே தெரியல."

குருவம்மாள் வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று தடவைக்கு ஐந்து தடவை அலசினாள். சனிக்கிழமை சடையாண்டியின் கால் வீங்கியது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டதற்கெல்லாம் வட்டி கேட்பதுபோல் உடம்பு அவசரமாக வீங்கியது. சனிக்கிழமை மாலை முகம் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தாள். ஆறு அப்படியே ஓடியது. வாளி அப்படியே இருந்தது, வயிறு நிறைந்த நிம்மதியில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல்.

நாங்கள் வாசலுக்கு வந்தோம். கையைக் கட்டிக்கொண்டு வரத் தெரியாதவர்கள் நாங்கள், ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தோம், கஞ்சி, முட்டை, கீரைச்சாறு. குருவம்மாள் கதவின் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. ஒரு பருக்கையும் உள்ள வரக் கூடாது," என்றாள். எங்கள் ஊர் உண்டான நாளிலிருந்து ஒரு வீட்டுக்காரி சாப்பாட்டோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை. பவுனுத்தாய் மட்டும் போகவில்லை. படியில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் அவளே விரட்டினாள். விரட்டாத நேரத்தில் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சடையாண்டிக்கு ஆள் தெரியவில்லை. குருவம்மாளைப் பார்த்து, லாரி கிளம்பியாச்சா என்று கேட்டார். பதினோரு மணிக்கு அதுவும் கேட்கவில்லை, மூச்சு மட்டும் கரகரவென்று போய்வந்தது. போன மூச்சு திரும்பி வருகிறதா என்று நாங்கள் தெருவில் நின்று எண்ணினோம்.

பன்னிரண்டு மணிக்கு வாளி முனகியது.

குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் மெதுவாக, தூக்கத்தில் சிணுங்குகிற மாதிரி, பிறகு பசித்து விழித்த மாதிரி, பிறகு வீடு முழுக்க நிறைகிற மாதிரி அது அழுதது. விளிம்பில் ஒரு வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது, காற்றில் தலையை ஆட்டியது, கீழே இறங்கியது. இறங்கியது கட்டிலுக்குப் போகவில்லை, நேராக அவளிடம் வந்தது. மூன்று நாளாக மாற்றாத சேலையில், வேர்வை உப்புப் பூத்த அவள் முழங்கையில் ஏறி, தாயைக் கண்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடம் ஊட்டிய கை அது. அவள் அழுதுகொண்டே அதைப் பிடுங்கினாள். மறுபடி வந்தது, மறுபடி பிடுங்கினாள். "எங்கிட்ட ஒண்ணுமில்லடி, எங்கிட்ட உனக்கு ஒண்ணுமில்ல, அங்கிட்டுப் போ," என்று சொல்லி, அந்த நுனியைத் தன் விரலால் பிடித்துக் கொண்டுபோய்ப் புருஷனின் கையில், பழைய தழும்பின்மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது முகர்ந்தது, தயங்கியது, பிறகு வாயை வைத்தது.

ஒரு மணி போனது, இரண்டு மணி போனது, நாங்கள் யாரும் தெருவைவிட்டு நகரவில்லை. மூன்று மணிக்கு மூச்சின் கரகரப்பு குறைந்தது. நான்கு மணிக்கு எதிர்வீட்டுக் கூரையின் வெயில் அவர் முகத்தில் விழுந்தது, வெயிலுக்கு முகத்தைச் சுளித்தார், பவுனுத்தாய் படியிலிருந்து கதறிவிட்டாள். ஐந்து மணிக்கு அவர் கண்ணைத் திறந்து, குருவம்மாளைப் பார்த்து, அது குருவம்மாள்தான் என்று தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் எதையோ காது கொடுத்துக் கேட்டார்.

"ஏ குருவு," என்றார். குரல் எழும்பவில்லை. "பச்சப்புள்ள கணக்கா அழுகுதே, அது யாரு?"

"வாளியில இருக்கா. பெரியவ."

"பசிக்குதோ?"

"ஆமா."

அவருக்கு மனசு கேட்கவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. "பாவம்ல. ஒரு கை போடேன்."

"போட மாட்டேன்," என்றாள் குருவம்மாள். "பசிக்கட்டும்."

வாளி அழுதது. அவள் கட்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கையாலும் அவருடைய இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தன் காதைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை இல்லை.